ஊற்றும் குடமும்: தொழில் தொடங்குமுன் செய்தி திரட்டல்



பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்குத் தராசு முள்ளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பால் நிறுக்கும் கொட்டகையில், கிராணி புத்தகத்தில் எழுதுவதற்கு முன்பே, வாளியைத் தூக்கி வந்த தாய்மார்களின் கண் தராசு முள்ளின்மேல் பதிந்திருக்கும். பிறகு மெட்ரோலாக் கருவியைப் பாலில் விட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அந்த எண்ணையும் மனத்தில் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். மாலையில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தராசு, கிராணியின் புத்தகம், பிள்ளையின் நோட்டு ஆகிய மூன்று இடத்துச் செய்தியும் ஒத்துப்போனால் மனத்துக்கு நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் கேள்வி கேட்கக் கையில் ஆதாரம் இருந்தது. படிப்பு அதிகம் இல்லாத அந்தத் தாய்மார்கள் செய்தது என்ன? இன்று பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே பாடத்தைத்தான் அவர்கள் நாள்தோறும் செய்தார்கள்.

ஒரு நாள் பாலுக்கு அத்தனை கவனமாக இருந்த குடும்பங்கள் சில, முப்பது ஆண்டு உழைப்பின் பலனாகக் கைக்கு வரும் ஊழியர் சேமநிதிப் பணத்தை ஒரு தொழிலில் போடும்போது அந்தக் கவனத்தை மறந்துவிடுகின்றன. 1951ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டில் இருந்துவரும் சேமநிதி அது. 55 வயது நிறைந்ததும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு முறைதான் வரும். போனால் திரும்ப அதைச் சேர்க்க இன்னொரு முப்பது ஆண்டு நமக்கு இல்லை. ஆகவே, தொழில் தொடங்குவதற்கு முன் செய்தியை எங்கிருந்து பெறுவது, எந்தச் செய்தியை எவ்வளவு நம்புவது என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். பெரியவருக்கு 55 வயது ஆகிவிட்டது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். மனைவி, வேலைக்குப் போகும் ஒரு மகன், ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் தம்பி பட்டணத்திலிருந்து வருகிறார். கையில் ஒரு பை நிறையக் காகிதம்.

"மாமா, ஆடு வளர்ப்பில் இறங்குங்கள். நாட்டுக்குத் தேவையான ஆட்டிறைச்சியில் பத்தில் ஒரு பங்குதான் இங்கே கிடைக்கிறது. இருபது பெட்டை வாங்கினால் போதும். வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு இரண்டு குட்டி. எண்பது குட்டி! ஆடு கொடுப்பவர்களே வாடகைக்கு நிலமும் பார்த்துத் தருகிறார்கள்" என்கிறார்.

பத்திரிகை நறுக்கு ஒன்றைக் காட்டுகிறார். கம்பெனிப் பதிவுச் சான்றிதழின் நகலைக் காட்டுகிறார். கைத்தொலைபேசியில் கொழுத்த ஆடுகள் மேயும் படத்தையும் காட்டுகிறார். பெரியவருக்கு ஆசை பிறந்துவிட்டது. ஆனால் அவர் மனைவி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்: "தம்பி, நீ சொல்றதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு. இதை உனக்கு யார் சொன்னது?"

நேயர்களே, இந்தக் கேள்விதான் இன்றைய பேச்சின் சாரம்.

தண்ணீர் இரண்டு விதமாக நமக்குக் கிடைக்கிறது. நாமே ஊற்றுக்குப் போய் மொண்டு வரலாம். அல்லது பிறர் குடத்தில் கொண்டுவந்து தருவதை வாங்கிக் குடிக்கலாம். செய்தியும் அப்படித்தான். நாமே கண்டும் எண்ணியும் கேட்டும் திரட்டுவதை முதல்நிலைச் செய்தி என்பர். பிறர் திரட்டி எழுதி வைத்ததை நாம் எடுத்துப் பயன்படுத்தினால் அது இரண்டாம்நிலைச் செய்தி. ஊற்று நல்லது, குடம் கெட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு குடும்பம் நாடு முழுவதும் அலைந்து எண்ணிக்கொண்டிருக்க முடியாது. குடத்துத் தண்ணீரும் நமக்கு வேண்டும். ஆனால், கொண்டுவந்தவர் யார், எந்தக் கிணற்றில் எடுத்தார், குடம் சுத்தமானதா என்று பார்த்துத்தான் குடிக்க வேண்டும்.

தம்பி கொண்டுவந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் எண்பது குட்டிக் கணக்கு. இது யார் சொன்னது? ஆடு விற்பவர் சொன்னது. விற்பவர் சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தமக்குச் சாதகமானதைத் தேர்ந்தெடுத்துச் சொல்வார். படத்தில் கொழுத்த ஆடு இருக்கும், செத்த குட்டி இருக்காது. ஆகவே இந்தக் கணக்கை, ஆடு விற்காத ஒருவரிடம் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். கால்நடை மருத்துவச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்கலாம்.

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், அதாவது ஐந்து மாதம். குட்டி பால் குடிக்க மூன்று மாதம் விட்டால், ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே எட்டு மாதம் ஆகிவிடுகிறது. இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று கிடைத்தாலே நல்ல வளர்ப்பு. இருபது பெட்டைக்கு ஆண்டில் முப்பது ஈற்று. எல்லா ஈற்றும் இரட்டைக் குட்டி ஆகாது. பாதி இரட்டை, பாதி ஒற்றை என்று வைத்துக்கொண்டால் 45 குட்டி. சினை பிடிக்காத ஆடு உண்டு, மழையில் நனைந்து சாகும் குட்டி உண்டு. அதற்காக ஐந்தில் ஒன்றைக் கழித்தால் 36. எண்பது எங்கே, முப்பத்தாறு எங்கே? நான் கூட்டியும் கழித்தும் காட்டியது ஓர் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். ஆனால் மகளின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கக் கணக்கு, பெரியவரின் வருமானத்தைப் பாதிக்கு மேல் குறைத்துக் காட்டிவிட்டதைப் பாருங்கள்.

அடுத்தது, பத்தில் ஒரு பங்கு என்ற செய்தி. தம்பி இங்கே தவறு செய்யவில்லை. நம் நாட்டில் உண்ணப்படும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. உள்நாட்டில் உற்பத்தியாவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். இத்தகைய எண்களைப் புள்ளிவிவரத் துறை திரட்டி வெளியிடுகிறது. 1949இல் தொடங்கப்பட்ட துறை அது. 1965ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டப்படி இயங்குகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்துவதும் அதுவே. அதன் எண்களில் பலவற்றை இன்று யார் வேண்டுமானாலும் கைத்தொலைபேசியிலேயே காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

ஆனால் உண்மையான எண்ணும் நம்மை ஏமாற்ற முடியும். எப்படி? நாட்டுக்குத் தேவையானதில் எவ்வளவு இங்கே விளைகிறது என்ற கேள்விக்கு அந்த எண் சரியான விடை. பெரியவருடைய கேள்வியோ வேறு. "என் ஆட்டை யார் வாங்குவார்? என்ன விலை கொடுப்பார்?" என்பதே அவருடைய கேள்வி. மீதி ஒன்பது பங்கு இறைச்சி வராமல் நின்றுவிடவில்லை. அது ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் உறையவைத்து வந்து, குளிர்பெட்டியில் மலிவாக விற்கப்படுகிறது. ஆக, பெரியவருடைய ஆடு அந்த மலிவான இறைச்சியோடு போட்டியிட வேண்டும். பற்றாக்குறை என்று நினைத்த இடத்தில் போட்டி இருக்கிறது. அரசாங்க எண் பொய்யாகவில்லை. நாம்தான் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டோம்.

அப்படியானால் பெரியவருடைய கேள்விக்கு விடை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்குத்தான் ஊற்றுக்குப் போக வேண்டும். அவரும் மகளும் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகட்டும். ஆட்டிறைச்சி விற்பவரிடம் பேசட்டும். ஒரு நாள் போனால் போதாது. தீபாவளி வாரத்தில் போய்ப் பார்த்துவிட்டு ஆண்டு முழுவதும் அப்படியே விற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சாதாரண வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையும் போக வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும். கடையில் விற்கும் விலையை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் போதாது. வளர்ப்பவருக்குக் கடைக்காரர் கொடுக்கும் விலை என்ன என்று கேட்க வேண்டும்.

கேட்கும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "நான் ஆடு வளர்த்தால் என்னிடம் வாங்குவீர்களா?" என்று கேட்டால், முகத்துக்கு நேரே யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். "அதற்கென்ன, கொண்டு வாருங்கள்" என்பார்கள். அது மரியாதை, அதை விற்பனை என்று கணக்கில் எழுத முடியாது. "போன மாதம் எத்தனை ஆடு வாங்கினீர்கள்? யாரிடம் வாங்கினீர்கள்? உயிரோடு கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று நடந்து முடிந்ததைக் கேட்க வேண்டும். வரப்போவதைப் பற்றி மனிதர்கள் ஆசையாகப் பேசுவார்கள். நடந்ததைப் பற்றித்தான் எண்ணோடு பேசுவார்கள்.

அதேபோல, ஆடு வளர்ப்பவர்களையும் நேரில் பார்க்க வேண்டும். விற்பவர் காட்டும் பண்ணைக்கு மட்டும் போகாமல், நாமே தேடிப்போய் இரண்டு மூன்று பேரைப் பார்க்க வேண்டும். முக்கியமாக, ஆடு வளர்த்து விட்டுவிட்டவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வெற்றி பெற்றவர் கதையை எல்லாரும் சொல்வார்கள். கொட்டகை காலியாகக் கிடக்கும் வீட்டுக்காரர்தான், தீவனச் செலவு எப்படி ஏறியது, மழைக்காலத்தில் என்ன நோய் வந்தது, திருடு போனது எத்தனை என்று சொல்வார். அவர் பணம் கொடுத்துக் கற்ற பாடம் நமக்கு ஒரு கோப்பைத் தேநீர்ச் செலவில் கிடைக்கிறது.

நேரில் பார்த்ததற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறக்கக் கூடாது. நாம் பார்த்தது ஒரு சந்தை, சில நாள்கள், நாலைந்து பேர். அதை வைத்து நாடு முழுவதும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. அதற்கு அரசாங்க எண் வேண்டும். நாட்டு நிலவரத்துக்குக் குடம், நம் ஊர் நிலவரத்துக்கு ஊற்று. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

இனி, பையில் இருந்த காகிதங்களைப் பார்ப்போம். பத்திரிகை நறுக்கை மகள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "மாமா, இதில் தேதியைக் காணோமே?" என்கிறாள். நல்ல கேள்வி. தேதி இல்லாத விலை விலையே இல்லை. மேலும், அது பத்திரிகையின் நிருபர் விசாரித்து எழுதிய செய்தியா, கம்பெனி கொடுத்த அறிக்கையா, காசு கொடுத்துப் போட்ட விளம்பரமா என்றும் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே தாளில், ஒரே எழுத்தில்தான் அச்சாகின்றன.

நல்ல இரண்டாம்நிலைச் செய்தி எப்படி இருக்கும் என்பதற்கு நம் தோட்ட வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சுதந்திரம் பெற்ற காலத்தை ஒட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையும் வீடும் போய் நம்மவர்கள் தவித்தார்கள். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துயரத்தின் விளைவுதான். அந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதிய நூலை மலாயாப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்டது. 1951 முதல் 1960 வரை என்று காலத்தைத் தலைப்பிலேயே வரையறுத்த நூல் அது. யார் ஆராய்ந்தார், எந்த ஆண்டுகளை ஆராய்ந்தார், எப்போது வெளியிட்டார் என்று எல்லாம் தெரிகிறது. அந்தக் காலத்தில் தோட்டங்களுக்கு என்ன நேர்ந்தது என்று அறிய இன்றும் அதை நாடலாம். இன்றைய நில விலையை அறிய அதை நாடினால் குற்றம் நம்முடையது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வயது உண்டு.

அடுத்து, கம்பெனிப் பதிவுச் சான்றிதழ். பெரியவர் இதைப் பார்த்ததும் "அரசாங்க முத்திரை இருக்கிறதே" என்று மனம் குளிர்ந்தார். கவனிக்க வேண்டும். இப்படிப்பட்ட சான்றிதழ், இந்தப் பெயரில் ஒரு கம்பெனி பதிவாகியிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. அந்தக் கம்பெனி நாணயமானது என்றோ, ஆடு நன்றாக ஈனும் என்றோ அது சொல்லவில்லை. மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம். என்று நாம் சொல்லும் இடத்தில், சிறு கட்டணம் செலுத்தினால் கம்பெனியின் இயக்குநர்கள் யார், பங்குதாரர் யார், பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதை எவரும் தெரிந்துகொள்ளலாம். கம்பெனி தாக்கல் செய்த கணக்கையும் கேட்டு வாங்கலாம். பிறர் நீட்டும் நகலைவிட நாமே பதிவேட்டில் பார்ப்பது மேல்.

நில வாடகைக்கும் அதுவே வழி. லோட் எண்ணை வாங்கிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போய்த் தேடல் விண்ணப்பம் கொடுத்தால், கிராண்டு யார் பெயரில் இருக்கிறது, விவசாய நிலமா கட்டட நிலமா, வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, கேவியட் போடப்பட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். நிலம் தன்னுடையது என்று ஒருவர் சொல்வது செய்தி. பதிவேடு சொல்வது சான்று.

இன்னொரு பேச்சும் வரக்கூடும். "நீங்கள் ஆடு மேய்க்க வேண்டியதே இல்லை. பணத்தை மட்டும் எங்களிடம் கொடுங்கள். நாங்கள் வளர்த்து மாதா மாதம் இவ்வளவு என்று கையில் தருகிறோம்" என்பார்கள். அங்கே இரட்டிப்புக் கவனம் தேவை. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவதற்கு உரிமம் வேண்டும். கம்பெனிப் பதிவு அந்த உரிமம் ஆகாது. பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்களை வெளியிடுகின்றன. அவற்றில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாததனாலேயே நல்லது என்றும் முடிவு செய்துவிடாதீர்கள். புதிதாக முளைத்தது இன்னும் பட்டியலுக்கு வராமல் இருக்கலாம்.

1986ஆம் ஆண்டு, வைப்புத்தொகை வாங்கிவந்த 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. அவையெல்லாம் முறைப்படி பதிவான சங்கங்கள்தாம். உள்ளே நடந்த நிர்வாகச் சீர்கேடுகள் பின்னர் வெள்ளை அறிக்கையில் வெளிவந்தன. பதிவு உண்டு என்பது ஒன்று, பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்பது வேறொன்று.

கடைசியாக, மிகவும் மென்மையான ஓர் இடத்தைத் தொட வேண்டியிருக்கிறது. அது உறவினர் சொல். மனைவியின் கேள்விக்குத் தம்பி என்ன பதில் சொன்னார்? "நம்ம கூட்டாளி சொன்னாருக்கா. வாட்ஸ்அப் குழுவிலேயும் வந்திருக்கு. பக்கத்து வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு" என்றார். மூன்று பேர் சொல்லிவிட்டதால் உண்மை என்று அவர் நம்புகிறார். மூவரும் எங்கே கேட்டார்கள் என்று தேடிப் பார்த்தால், மூவருமே ஆடு விற்பவர் நடத்திய அதே கூட்டத்துக்குப் போயிருக்கலாம். குடம் மூன்று, கிணறு ஒன்று! தராசு, கிராணியின் புத்தகம், பிள்ளையின் நோட்டு ஆகியவை தனித்தனியே எழுதப்பட்டதால்தான் ஒன்றை ஒன்று சோதிக்க முடிந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதியிருந்தால் மூன்று இருந்தும் பயன் இல்லை.

இதனால் தம்பி கெட்டவர் ஆகிவிடவில்லை. அக்காள் குடும்பம் முன்னேற வேண்டும் என்ற அன்பினால்தான் அவர் வந்தார். அன்பு வேறு, அறிந்திருப்பது வேறு. சந்தைக்குப் போகும்போது அவரையும் கூட அழைத்துப் போவதுதான் நல்ல வழி. உறவும் கெடாது, உண்மையும் தெரியும்.

இதை வீட்டில் எப்படிச் செய்வது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி. அதன் எதிரே மூன்று கட்டம். இதைச் சொன்னவர் யார்? அவருக்கு இது எப்படித் தெரியும், கண்டாரா, கேட்டாரா? நான் இதை நம்பினால் அவருக்கு என்ன லாபம்? இந்த மூன்று கட்டத்தையும் நிரப்புங்கள். தேதியையும் போடுங்கள். நிரப்ப முடியாத வரி எதுவோ, அந்த வரியை நம்பிப் பணம் போடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும், முழுப் பணத்தையும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். இருபது ஆட்டுக்குப் பதில் நான்கு ஆடு. இடம் தோட்டத்துக்குச் சொந்தமானால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டு வளர்த்துப் பாருங்கள். எத்தனை ஈன்றது, எத்தனை செத்தது, தீவனத்துக்கு எவ்வளவு வெள்ளி, விற்றது எவ்வளவுக்கு என்று எழுதி வாருங்கள். அந்த ஓராண்டு நோட்டைவிடச் சிறந்த ஊற்று உங்களுக்கு வேறு கிடைக்காது. கணக்கு கைகொடுத்தால் பெருக்குங்கள். கைகொடுக்காவிட்டால் நான்கு ஆட்டோடு நஷ்டம் நின்றுவிடும். சேமநிதி பிழைக்கும்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். திருவள்ளுவரும் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்து, போவது என்ன, வருவது என்ன, கடைசியில் மிஞ்சுவது என்ன என்று பார்த்துச் செய்யச் சொன்னார். அன்று பால் கொட்டகையில் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காத தாய்மார்களின் பிள்ளைகள் நாம். அடுத்த முறை உங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒருவர் காகிதப் பையோடு வரும்போது, தேநீர் கொடுத்து உபசரியுங்கள். பொறுமையாகக் கேளுங்கள். பிறகு மகளைக் கூப்பிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லுங்கள்.